கல்யாணப் பீப்பாய்

— முதல்லேர்ந்து சொல்லு. கண்ணு முழிச்சதுலேர்ந்து.

— எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன். பனி. காபி போட்டேன். நேத்து ரொட்டி மிச்சம் இருந்துச்சு, வெண்ணெய் தடவித் தின்னேன். கப்பைக் கழுவினேன். சவரம் பண்ணேன். விறகு எடுத்துட்டு வந்தேன். உட்கார்ந்தேன்.

— உட்கார்ந்து?

— உட்கார்ந்தேன்.

— பூனைக்குச் சாப்பாடு வைக்கலையா? தினம் உனக்கு முதல் வேலையே அதுதானே. அது கத்துற கத்துல எங்க வீட்டு நாய் எழுந்துக்கும்.

— பூனை இல்ல. முரியேலுக்குக் குடுத்துட்டேன்.

— தபால்காரி முரியேலுக்கா? அனூக்கோட பூனையையா?

— அவளுக்குப் பூனைன்னா பிடிக்கும்.

— அவளா கேட்டா?

— இல்ல. வேணுமான்னு நான்தான் கேட்டேன்.

— ம். சரி. உன் பூனை, உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல.

— கோட்டைக் கழட்டு கஸ்பார். அடுப்பு எரியுது, வேர்க்கும்.

— கழட்டறேன், இரு. இந்தா, கொம்தே சீஸ். பால் சங்கத்துக் கிடங்குல மூணு வருஷம் கிடந்தது, கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். இது வால்நட், எங்க வீட்டு மரத்துது. இன்னைக்குப் போயி வெறுங்கையோட வர முடியுமா? சட்டை பாத்தியா வாத்தியாரே?

— இஸ்திரி போட்டிருக்கு.

— நானே போட்டேன். காலர்கிட்ட கொஞ்சம் கருகிடுச்சு, தெரியுதா? உன் கல்யாணத்துக்குப் போட்டிருந்த அதே சட்டை. அப்ப இஸ்திரி போட்டுக் குடுக்க எனக்கும் ஒருத்தி இருந்தா. அது கிடக்கட்டும்.

— ஞாபகம் இருக்கு. அந்தச் சட்டையோட பீப்பாயை உருட்டிட்டு வந்தே.

— சர்ச் வாசல்லேர்ந்து உங்க நிலவறை வரைக்கும் உருட்டினேன். ஊரே வெள்ளிக் கரண்டியும் படுக்கை விரிப்பும் குடுக்குது, நான் காலிப் பீப்பாயோட வந்து நிக்கறேன். உங்கப்பா முகத்தைப் பாக்கணுமே. பீர் குடிக்கிற சீமைக்காரர், அவருக்கு என்ன தெரியும். மெதுவா வந்து தட்டிப் பாத்துட்டு, 'உள்ள ஒண்ணும் இல்ல போலிருக்கே'ன்னார்.

— இப்பவும் சொல்லுவார். 'உன் சிநேகிதன் காலிப் பீப்பாய் குடுத்தானே, என்ன ஆச்சு அது'ன்னு.

— சொல்லட்டும். அனூக்குக்குத் தெரிஞ்சுது. அவ அங்கயே, கல்யாண கவுனோட, பீப்பாய் மேல கையை வச்சுட்டு அழுதா. எங்கப்பா ஆயுசு பூரா மஞ்சள் ஒயின் போட்ட பீப்பாய்யா அது. எத்தனை பேர் விலைக்குக் கேட்டாங்க. புதுப் பீப்பாய்ல ஒயின் மேல ஆடை கட்டுமா கட்டாதான்னு உயிரைக் கையில பிடிச்சுட்டு இருக்கணும். அப்பா பீப்பாய்ல ஊத்தி வாயை அடைச்சாப் போதும், பாலுக்கு ஏடு கட்டுற மாதிரி தானா கட்டும். அதுக்கப்புறம் தொடக்கூடாது. குறைஞ்சா நிரப்பக்கூடாது. நகர்த்தக்கூடாது. ஆறு வருஷம் மூணு மாசம் அது பாட்டுக்குக் குறைஞ்சுட்டே கிடக்கணும்.

— தெரியும் கஸ்பார்.

— உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்லணும் போல இருக்கு. இன்னைக்குதானே அந்த நாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவ முதல் வேலையா ஊத்தி வச்ச ஒயின். எழுந்திரு, போய் எடுத்துட்டு வந்துடுவோம். அப்புறம் நிம்மதியா சாப்பிடலாம்.

— முதல்ல சாப்பாடு. வேற பாட்டில் எடுத்து வச்சிருக்கேன்.

— எத்தனை இது, மூணா? ரெண்டு பேருக்கு?

— ஞாயித்துக்கிழமை மத்தியானம்தானே. எங்க போகப் போறோம்.

— மூணுக்கும் என்னமோ மாட்டி வச்சிருக்கே. என்ன இது, காலுறையா?

— பேர் தெரியக்கூடாதுன்னு. வேற துணி கிடைக்கல.

— துவைச்சதா?

— துவைச்சது.

— அப்பச் சரி. கண்டுபிடிச்சிட்டா எனக்கு என்ன தருவே?

— கோழித் தொடை.

— ரெண்டு தொடையும் எனக்குத்தான் வரும், எழுதி வச்சுக்கோ. ஊத்து. இங்க சிவப்பு முதல்ல, வெள்ளை அப்புறம், அதையாவது ஞாபகம் வச்சிருக்கியே. அட, ஓரம் செங்கல் நிறமாயிடுச்சு. பழசு. கிளாஸை இப்படிக் குடு, ஜன்னல்கிட்ட. ம். த்ரூசோ திராட்சை. மேட்டு நிலம். மழை நின்ன காடு மாதிரி ஒரு வாசனை, அடியில கொஞ்சம் தோல், கொஞ்சம் மிளகு. ரொம்பச் சூடான வருஷம்.

— எந்த வருஷம்?

— அவசரப்படாதே. வாயில ஒரு நிமிஷம் இருக்கட்டும். இது நீ முதல் தடவை இங்க வந்த வருஷம். அறுவடைக்கு ஆள் எடுத்தப்ப, காலேஜ் பையன் ஒருத்தன், தொப்பி சட்டை இல்லாம வெயில்ல வேலை பாத்து, சாயங்காலம் வேகவச்ச நண்டு மாதிரி நின்னான். அனூக் தயிரைக் கொண்டு வந்து முதுகுல அப்பினா. அந்த வருஷம்தானே?

— அதேதான். தொடை உனக்கு.

— உன் முதுகு எரிஞ்சதுலதான் கல்யாணமே நடந்துச்சு. போடு, காளானும் நிறையப் போடு.

— எப்படி இருக்கு?

— கோழியா, ஒயினா?

— ஒயின்.

— மோசமில்ல.

— அதுக்கு மேல உன் வாயிலேர்ந்து வராது.

— எதுக்கு வரணும்? எங்கப்பா சாகக் கிடக்கறப்ப அவரோட கடைசிப் பீப்பாய்லேர்ந்து எடுத்துட்டு வரச் சொன்னார். அவரால முழுங்க முடியாது, என்னைக் குடிக்கச் சொன்னார். 'எப்படிடா'ன்னார். 'மோசமில்லப்பா'ன்னேன். மனுஷன் சிரிச்சுட்டே கண்ணை மூடினார். அருமை, அற்புதம்னு சொல்றதெல்லாம் டூரிஸ்டுக்கு விக்கிறவன் வேலை.

— அனூக்குக்கு அது பிடிக்கும். நீ 'மோசமில்ல'ன்னு சொன்னா அன்னைக்குப் பூராப் பாட்டு பாடிட்டு இருப்பா.

— தெரியும். அதனாலதான் அடிக்கடி சொல்ல மாட்டேன். நீ ஏன் சாப்பிடல?

— சாப்பிடறேன்.

— கோழியை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளிட்டு இருக்கே. அதுக்குப் பேரு சாப்பாடா? சரி, வர்ற வழியில உங்க மேட்டு நிலத்தைப் பாத்தேன்.

— ம்.

— போன வருஷத்துக் கொடி அப்படியே தலையை விரிச்சுட்டு நிக்குது. மாசம் என்ன ஆச்சு? ஊர்ல எல்லாரும் கவாத்து முடிச்சுட்டாங்க. காலொடிஞ்ச அந்தக் கிழவன் கூட முடிச்சுட்டான். சாறு ஏற ஆரம்பிச்சா வெட்டின இடத்துல எல்லாம் அழும், தெரியும்ல?

— தெரியும்.

— எப்ப ஆரம்பிக்கிறே?

— பாக்கலாம். அடுத்த பாட்டில் எடுக்கட்டுமா?

— பேச்சை மாத்தறே. எடு. இதென்ன குட்டை பாட்டில், காலுறைக்குள்ளயே தெரியுது. மஞ்சள் ஒயின். கொண்டா. இந்த வாசனைக்குத்தான்யா உயிரோட இருக்கணும். வால்நட்டு, பழைய மேஜை டிராயர், கறி மசாலா மாதிரி ஒண்ணு... இரு. பெனுவா, இரு.

— என்ன?

— இது எங்கப்பா கை.

— காலுறையைக் கழட்டிப் பாரு.

— எழுபத்தாறு. நான் பொறந்த வருஷம். இது எங்கிட்டயே ஒண்ணு கூட இல்லையே. கடைசி பாட்டிலை என் பொண்டாட்டி தம்பி குடிச்சுத் தீத்தான், கோக்கோட கலந்து. உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?

— அனூக் ஏலத்துல எடுத்தா. உன் அம்பதாவது பிறந்தநாளுக்குன்னு ஒளிச்சு வச்சிருந்தா.

— அது அடுத்த வருஷம்தானே.

— ம்.

— அப்ப அடுத்த வருஷம் திறக்க வேண்டியதுதானே?

— இப்பவே திறந்துட்டேன்.

— அதான் ஏன்னு கேக்கறேன்.

— குடி கஸ்பார். காத்து பட்டா ஆறிடும்.

— மஞ்சள் ஒயின் ஆறாதுய்யா. திறந்து வச்சா ஒரு மாசம் அப்படியே இருக்கும். யாருக்குக் கதை சொல்றே?

— சீஸோட குடி. எப்படி இருக்கு, சொல்லு.

— மோசமில்ல.

— உங்கப்பாவுக்குமா?

— அவருக்கும்தான். அழ வைக்காதே என்னை. அனூக் இதுக்கு எவ்வளவு குடுத்திருப்பா, கிறுக்குப் பொண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடல. அவளுக்கு ரகசியம் காக்கத் தெரியும்.

— தெரியும்.

— பள்ளிக்கூடத்துக்கு எப்பப் போறே? லீவு இந்த வாரத்தோட முடியுதுல்ல?

— போகல. எழுதிக் குடுத்துட்டேன்.

— என்னன்னு?

— வரலன்னு.

— வேலையையே விட்டுட்டியா? கணக்கு வாத்தியார் வேலையை?

— பசங்க எதிர்ல நிக்கறேன். கரும்பலகையில ஒரு சமன்பாடு பாதியில நிக்குது. அடுத்த வரி என்னன்னு தெரியும். எதுக்கு எழுதணும்னு தெரியல. அப்படியே நின்னுட்டேன். ஒரு பொண்ணு எழுந்து வந்து நாற்காலி போட்டா.

— அன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?

— அனுப்பிட்டாங்க. மரியாதையா.

— எங்கிட்ட சொல்லவே இல்ல.

— என்ன சொல்றது?

— போய்யா. கிளாஸை வச்சுட்டு எங்க எழுந்திருக்கே?

— கடைசி பாட்டில். இனிப்பு.

— வைக்கோல் ஒயினா? அதையும் திறந்தாச்சா? தேன் நிறம். கொஞ்சமா ஊத்து, போதும். ம். உலர்ந்த அத்திப்பழம். ஆரஞ்சுத் தோல். இது அனூக்கோடதுதான். திராட்சைக் கொத்தைக் கம்பியில மாட்டிக் காயப்போட்டு, எலி வருதுன்னு அந்த அறையிலயே படுத்துக் கிடந்தாளே, அந்த வருஷத்துது. இதை அவ யாருக்கும் குடுக்கலையே. நான் கேட்டப்பக் கூட முறைச்சா.

— இது தனியா வச்சது.

— எதுக்கு?

— பிள்ளை பொறந்தா திறக்கலாம்னு.

— பாட்டிலைக் கீழ வை பெனுவா.

— திறந்தாச்சு. கீழ வச்சு என்ன.

— கீழ வைன்னு சொல்றேன். பூனையைக் குடுத்துட்டே. கொடி கவாத்து பண்ணல. வேலையை விட்டுட்டே. என் அம்பதாவது பிறந்தநாளைத் திறந்துட்டே. இப்ப இது. நான் ஸ்கூல் தாண்டாதவன்தான், ஆனா எனக்கும் கூட்டத் தெரியும். இந்த ஊர்ல ஒருத்தன் வச்சிருந்ததை எல்லாம் ஒரே மத்தியானத்துல திறந்தான்னா, அவனுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இல்லன்னு அர்த்தம். நிமிர்ந்து பாரு. செத்துப் போயிடலாம்னு இருக்கியா?

— கோழி ஆறுது.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— தெரியல.

— தெரியலன்னா?

— தெரியலன்னா தெரியல கஸ்பார். எழுந்திருக்கேன், காபி போடறேன், கப்பைக் கழுவறேன். அதுக்கு அடுத்தது என்னன்னு தெரியல. சாகணும்னு இல்ல. இருக்கணும்னும் இல்ல. ரூம்ல விளக்கு எரியுது, யாராவது வந்து அணைச்சா அணைச்சுட்டுப் போகட்டும், அந்த மாதிரி.

— எத்தனை நாளா?

— அவளைப் புதைச்சதுலேர்ந்து.

— நான் இன்னைக்கு இங்கதான் படுக்கப்போறேன்.

— படுத்துக்கோ. படுக்கை போட்டுத் தரேன்.

— நாளைக்கும். நாளன்னிக்கும். என் குறட்டையைக் கேட்டுட்டு என் பொண்டாட்டியே ஓடிப் போனா, நீ தாங்கிப்பியான்னு பாக்கலாம். காலைல என்கூட ஊருக்குள்ள வரே, டாக்டர்கிட்ட உட்கார்ந்து இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்றே. அப்புறம் மேட்டு நிலத்துக்குப் போறோம். கவாத்துக் கத்தரி நான் கொண்டு வரேன்.

— வரேன்னு சொல்ல மாட்டேன்.

— வரமாட்டேன்னு சொல்றியா?

— அதுவும் சொல்லல.

— அது போதும் எனக்கு. கேட்டுக்கோ. அறுவடை முடிஞ்சு அவ போனதுலேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம இங்க வரேன். நிலவறைக்குப் போறேன், பீப்பாயைத் தட்டறேன், காதை வைக்கிறேன், 'பேசுதுய்யா, இன்னும் கொஞ்ச நாள்தான்'னு சொல்லிட்டுப் போறேன். ஒயினுக்காகத்தான் வந்தேன்னு நினைச்சியா?

— இல்லன்னு தெரியும்.

— 'பீப்பாய் திறக்கிற வரைக்கும் பொறுத்திரு'ன்னு அவ கடைசியா சொன்னா பாரு, அதைத்தான் பிடிச்சுட்டுத் தொங்கினேன். நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே இல்ல. திறந்துட்டா அப்புறம் உன்னை என்னத்தைச் சொல்லிப் பிடிச்சு வைக்கிறது? நேத்து முழுக்க அதைத்தான் யோசிச்சுட்டுச் சட்டையைக் கருக்கினேன்.

— காபி போடவா?

— காபி வேண்டாம். வா கீழ. அவ ஒயின் ஒரு வாய் உள்ள போனா உனக்கே புரியும். எங்கப்பா பீப்பாய் பொய் சொல்லாது.

— இன்னைக்கு வேண்டாம்.

— என்ன வேண்டாம்?

— உன் நாக்கு களைச்சிருக்கும். மூணு ஒயின் குடிச்சிருக்கே.

— மூணா? முப்பது குடிச்சுட்டு எந்தச் சரிவுல வெளஞ்சதுன்னு சொல்லுவேன்.

— அப்ப நீ உட்காரு. நான் போய் ஜக்குல கொண்டு வரேன்.

— ஜக்குலயா? உன் கல்யாணப் பீப்பாயை, பீர் மொண்டு வர்ற மாதிரி ஜக்குல? தள்ளு. டார்ச் எங்க? ஒயினை உறிஞ்சி எடுக்க அப்பாவோட கண்ணாடிக் குழாய் என் கோட்டுலயே இருக்கு, அதோடதான் வந்திருக்கேன்.

— கஸ்பார், படி வழுக்கும்.

— நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தப் படியில வழுக்கி விழுந்தவன் நான். வெளிச்சத்தைக் காட்டு. இந்தப் பக்கம். இதோ இருக்கா, தங்கம். பாரு, அவ கையெழுத்து, சாக்பீஸ்ல. 'கல்யாணம்'னு மட்டும் எழுதியிருக்கா, வருஷம் கூடப் போடல. மறந்துடுவோமா என்ன. அடைப்பை மெதுவா எடுக்கணும், ஆடை கலையக்கூடாது. வெளிச்சம் நேரா அடிக்காதே. ஆச்சு. கிளாஸ் பிடி. முதல் வாய் எனக்கு, அடுத்தது உனக்கு.

— சரி.

— ம்.

— கஸ்பார்?

— இரு.

— என்ன?

— இன்னொரு தரம் எடுக்கறேன். குழாயில ஏதோ இருந்திருக்கும்.

— குளிருது. மேல போயிடலாம்.

— சும்மா இருய்யா ஒரு நிமிஷம்.

— ஏன் பேச மாட்டேங்கறே?

— அருமை.

— என்ன சொன்னே?

— அருமையா இருக்கு. அற்புதம். இந்த மாதிரி நான் குடிச்சதே இல்ல. ஆனா வாசனை மூடிக்கிட்டே இருக்கு பாரு, இன்னும் வெளிய வரல. விடணும். இன்னும் மூணு வருஷம் விடணும். நாலுன்னே வச்சுக்கோ. அடைப்பை வச்சுடறேன். நான் எப்பவும் போல ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறேன், நீயும் கூட இருந்து...

— எனக்குக் குடு.

— இப்ப வேண்டாம். உன் வாயில வைக்கோல் ஒயின் இனிப்பு ஒட்டியிருக்கும், ஒண்ணும் புரியாது.

— எழுபத்தாறுக்கு 'மோசமில்ல'. உங்கப்பா கடைசிப் பீப்பாய்க்கு 'மோசமில்ல'. இது அற்புதமா?

— ஆமா. ஏன், இருக்கக்கூடாதா?

— உன் கண்ணுல தண்ணி வருது.

— பூஞ்சணம். எனக்கு நிலவறைப் பூஞ்சணம் ஒத்துக்காது.

— பொறந்ததுலேர்ந்து ஒத்துக்கிட்டது, இன்னைக்கு ஒத்துக்கலையா?

— டார்ச்சை அணை.

— அணைச்சுட்டேன்.

— காடி.

— ம்.

— வெறும் காடி பெனுவா, புளிச்ச வினிகர். நகப்பூச்சு வாடை. சாலட்டுல ஊத்தக் கூட ஆகாது. இது அவ தப்பு இல்ல, சத்தியமா சொல்றேன். மரத்துலேர்ந்து வருது. அப்பா போனதுக்கப்புறம் பீப்பாயைப் பாக்கவே பிடிக்காம அப்படியே காலியா போட்டுட்டேன். காலிப் பீப்பாய் கெடாம இருக்கக் கந்தகம் கொளுத்தி வைக்கணும், வைக்கல. காஞ்சு கிடந்துச்சு. உன் கல்யாணத்துக்கு முன்னாடி வெந்நீர் விட்டுக் கழுவினேன். மோந்து பாத்தேன், அப்பா வாசனைதான் வந்துச்சு. அப்பா பீப்பாய்க்கு என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன். மூக்கு சொன்னதை விட்டுட்டு மனசு கேக்கறதை மோந்திருக்கேன்.

— உட்காரு. இந்தக் கட்டை மேல உட்காரு.

— அவ உன்னை விட்டுட்டுப் போனது அந்த ஒரு வார்த்தை. 'பீப்பாய் திறக்கிற வரைக்கும் பொறுத்திரு.' பாதிரியார் குழி பக்கத்துல நின்னு அதைச் சொன்னப்ப ஊரே அழுதுச்சு. அந்த வார்த்தைக்குள்ள நான் காடியை ஊத்தி வச்சிருக்கேன்.

— அவ அதைச் சொல்லல.

— எதை?

— பொறுத்திருன்னு அவ சொல்லல. அவங்கம்மா என் கையைப் பிடிச்சுட்டுக் கேட்டாங்க, கடைசியா என்ன சொன்னா என் பொண்ணுன்னு. ஏதாவது சொல்லணும். வாயில வந்ததைச் சொன்னேன்.

— நீயா கட்டின கதையா? அப்ப இவ்வளவு நாள் நீ எதுக்குக் காத்திருந்தே?

— நான் காத்திருக்கல. நீதான் காத்திருந்தே. ஞாயித்துக்கிழமை வருவே, காதை வைப்பே, 'பேசுது'ம்பே. போறப்ப உன் முகம் நல்லா இருக்கும். அதை எப்படி உடைக்கிறது?

— உடைக்கிறதா? உனக்குத் தெரியுமா இது?

— தெரியும்.

— எப்பலேர்ந்து?

— ஆஸ்பத்திரிக்குப் போன நாள்லேர்ந்து. அன்னைக்குக் காலைல வண்டியில ஏறறதுக்கு முன்னாடி அவ கீழ போய் எடுத்துக் குடிச்சுப் பாத்திருக்கா.

— அப்ப மேல திறந்தியே, அந்த மூணு பாட்டில்...

— உன் நாக்கு மரத்துப் போகணும்னு. நல்லதை எல்லாம் வரிசையா குடுத்து, கடைசியா இனிப்பைக் குடுத்தா புளிப்பு தெரியாதுன்னு நினைச்சேன்.

— இனிப்புக்கு மேல புளிப்பு ரெண்டு மடங்கு தெரியும்டா, முட்டாள். பீர்க்கார முட்டாள். இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்து இதைக் கூடக் கத்துக்கலையா?

— கத்துக்கல.

— அப்ப நீ சாகறதுக்காக அதையெல்லாம் திறக்கல.

— பாட்டில் உனக்காக. பூனையும் வேலையும் நிஜம். மேல நான் சொன்னதும் நிஜம்.

— என்னய்யா இது. அவ பிள்ளைக்குன்னு வச்சதைத் திறந்து எனக்கு ஊத்தினியா? என் நாக்கைக் கட்டிப்போட? எங்கிட்ட நேரா சொல்றதுக்கு என்ன? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?

— சொல்லக்கூடாதுன்னு இருந்துச்சு.

— யார் சொன்னது சொல்லக்கூடாதுன்னு?

— விடு. மேல போலாம்.

— விடமாட்டேன். அம்மாவுக்குச் சொன்னது வேண்டாம், பாதிரியாருக்குச் சொன்னது வேண்டாம். அவ வாயிலேர்ந்து கடைசியா வந்தது என்ன? அதைச் சொல்லு.

— ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறாங்க. நான் கூடவே நடக்கறேன். ஒரு கதவுகிட்ட என்னை நிறுத்திட்டாங்க. அவ தலையைத் திருப்பி என்னைப் பாத்தா. கையை ஆட்டிக் கிட்ட வரச் சொன்னா. எங்க ரெண்டு பேரைப் பத்தி ஏதோ சொல்லப் போறான்னு குனிஞ்சேன்.

— என்ன சொன்னா?

— 'பீப்பாய் காடியாயிடுச்சு பெனுவா. கஸ்பார்கிட்ட மட்டும் சொல்லிடாதே, அவங்க அப்பாவோடது அது.'